விவசாயி அடையாள எண்ணை வாங்கலாமா, வேண்டாமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சொந்தமாக 2 மா (சுமார் மூன்று மா ஒரு ஏக்கர்) இருக்கிறது, கோயில் நிலம் 9 மா குத்தகைக்குச் செய்கிறார். ஊரில் முகாம் போட்டு ஆதார், பட்டா, செல்போன் மூன்றையும் எடுத்துவரச் சொல்லி, ஓடிபி வாங்கிக்கொண்டு விவசாயி அடையாள எண் கொடுக்கிறார்கள். இதற்கு ஒத்துக்கொள்ளலாமா, நம் நில விவரம் எல்லாம் கார்ப்பரேட் கைக்குப் போய்விடும் என்று சிலர் சொல்வது உண்மையா என்பது முதல் கேள்வி. அவர்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு ஒரு கம்பெனி இலவசமாக ஆலோசனைச் செயலி தருகிறேன் என்று வந்திருக்கிறது, அதில் சேரலாமா என்பது இரண்டாவது.

எண்ணை வாங்கிவிடுங்கள் தம்பி. வாங்காமல் இருந்து நீங்கள் எதையும் தடுத்துவிட முடியாது, பிரதமர் கிசான் தவணையிலிருந்து மற்ற திட்டங்கள் வரை ஒவ்வொன்றாக அந்த எண்ணோடு சேர்த்துக்கொண்டு வருகிறார்கள், உங்கள் அப்பாதான் அலைய வேண்டியிருக்கும். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த 2 மாவைப் பற்றி இல்லை. மீதி 9 மாவைப் பற்றி. அதை நீங்கள் கேட்கவே இல்லை, டெல்டாவில் இதைப் பற்றிப் பேசுகிற பலரும் கேட்பதில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை டிஜிட்டல் வேளாண்மை இயக்கம் என்ற ஒன்றுக்கு 2,817 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. அதன் அடித்தளத்துக்குப் பெயர் அக்ரி ஸ்டாக். அதில் மூன்று பதிவேடுகள். யார் விவசாயி என்று ஒன்று, எந்த சர்வே எண் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் குறியீட்டோடு கிராம வரைபடம் ஒன்று, இந்தப் பருவத்தில் எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று ஒன்று. 2026-27க்குள் 11 கோடி விவசாயிகளுக்கு எண் கொடுத்துவிட வேண்டும் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் மூன்றாவது பதிவேட்டு வேலைக்கு, கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்ததால், வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைச் செல்போனும் கையுமாக வயலில் இறக்கிவிட்டார்கள், பெரிய சர்ச்சை ஆனது, நினைவிருக்கும். 2025 தொடக்கத்தில் முதல் பதிவேட்டுக்கான முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. உங்கள் ஊரில் நடப்பது அதன் தொடர்ச்சி.

இதில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எழுதியவன். எந்த வயலில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் பதியும் அடங்கல் எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். வயலுக்குப் போகாமலே போன பசலியை, அதாவது போன வருவாய் ஆண்டுக் கணக்கைப் பார்த்து இந்தப் பசலிக்கு எழுதின அடங்கல், தரிசாகக் கிடந்த நிலத்துக்குச் சம்பா என்று வாங்கின சான்று, இதெல்லாம் வைத்துக்கொண்டுதான் கடனும் போனது, காப்பீடும் போனது. வயலில் நின்று படம் எடுத்து, இடக்குறியீட்டோடு பதிவு செய்தால் அந்தப் பொய் குறையும். கடனுக்கு ஒவ்வொரு தடவையும் சிட்டா, அடங்கல், வில்லங்கம் என்று நாலு ஆபீஸ் ஏறி இறங்குவது குறையும். 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விவசாயக் கடன் அட்டையை முழுக்கக் கணினி வழியில் கொடுத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபோது மத்தியப் பிரதேசத்தோடு தமிழ்நாட்டையும்தான் தேர்ந்தெடுத்தது. நடைச்செலவும் நாலு நாள் வேலையும் மிச்சமாகிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, இப்போது 9 மாவுக்கு வருவோம்.

விவசாயி பதிவேடு எதிலிருந்து கட்டப்படுகிறது? பட்டாவிலிருந்து. நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விவசாயி. குத்தகைதாரரையும் சேர்க்க வழி உண்டு என்று திட்டத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார்கள், மாநிலங்கள் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்கிறார்கள், ஆனால் முகாமில் உட்கார்ந்து பார்த்தால் திரையில் வருவது பட்டா எண்தான். உங்கள் அப்பா பெயரில் 2 மா வரும். அவர் விதை விட்டு, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, மருந்தடித்து, மழையில் படுத்த கதிரை நிமிர்த்திக் கட்டும் 9 மா, கோயில் கணக்கில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் தனியார் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தால் அது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் பெயரில் விவசாயியாகப் பதிவாகும். அவருக்கு வயலுக்கு வழி தெரியாமல்கூட இருக்கலாம்.

தமிழ்நாட்டில் வேறு எந்தப் பகுதியையும்விட நமக்கு இது பெரிய விஷயம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கிலும் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான நஞ்சை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பழைய பண்ணைகள் உடைந்து, மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் படித்து வெளியே போய்விட, நிலத்தில் இறங்குகிறவர் பெரும்பாலும் குத்தகைதாரராகவோ விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குச் செய்கிறவராகவோ இருக்கிறார். இவையெல்லாம் ஒன்றாக இருந்த பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்கு என்றே 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956ல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969ல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தனிச் சட்டம். இவ்வளவும் போராடி வாங்கியவை. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது என்றால், எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்ப வராது என்று பயந்து நிலச் சொந்தக்காரர்கள் வாய்மொழியாகவே விடத் தொடங்கினார்கள். அப்பா காலத்தில் விட்ட குத்தகை, தாத்தா காலத்துக் குத்தகை, எல்லாமே வாய் வார்த்தைதான். காகிதம் இருந்தால் அதிகம் போனால் ஒரு ரசீது.

காகிதம் இல்லாத உலகத்திலும் ஒரு இடைவெளி இருந்தது, அதுதான் குத்தகைதாரரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலருக்கு ஊர் தெரியும். இந்த வயலை இன்னார்தான் செய்கிறார் என்று அவர் ஒரு சான்று எழுதிக் கொடுப்பார், அதை வைத்துக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடலாம், காப்பீடு செய்யலாம், சங்கத்தில் உரம் வாங்கலாம். அதற்குக் காசு வாங்கியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் முன்னால் போய் நின்று பேச முடிந்தது. பட்டாவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று ஆகிவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவது?

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்து சம்பா முழுக்க முளைத்துப்போன வருடம். அஞ்சு ஏக்கர் குத்தகைக்குச் செய்த ஒருவர், பிரீமியம் அவர் கைக்காசு. ஆனால் அடங்கல் பட்டாதாரர் பெயரில்தான் கிடைத்தது, அவசரத்தில் அதே பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். இழப்பீடு வந்தபோது வெளியூரில் இருக்கும் நிலச் சொந்தக்காரர் வங்கிக் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்ததும் பாதியைக் கொடுத்தார். அப்போது அந்தக் குத்தகைதாரர் கையெடுத்துக் கும்பிட்டார், தன் பணத்தில் பாதி கிடைத்ததற்கு. அதைப் பார்த்த நாளிலிருந்து பதிவேட்டில் யார் பெயர் என்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்று விதியே இருக்கிறது, நெல்லுக்குச் சம்பா பருவத்தில் விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். விதி இருந்தும் பெயர் இல்லாததால் போனது.

இது வெறும் பயம் இல்லை என்பதற்கு வேறு மாநிலங்களைப் பாருங்கள். தெலங்கானாவில் 2018ல் ரைத்து பந்து என்று ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்தார்கள், பட்டா புத்தகம் வைத்திருப்பவருக்கு மட்டும். குத்தகைதாரருக்கு இல்லை. 2020 அக்டோபரில் தரணி என்ற நிலப் பதிவுத் தளம் வந்தது, சாகுபடி செய்வது யார் என்று காட்டும் இடம் அதில் இல்லை. தவறாக ஏறிய பெயரைத் திருத்துவதற்கே மக்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள், தேர்தல் பிரச்சினையாகவே ஆகி, 2025ல் பூ பாரதி என்று வேறு தளம் கொண்டுவந்தார்கள். ஆந்திரத்தில் 2019ல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் போட்டு, குத்தகைதாரருக்கு 11 மாதம் செல்லும் அட்டை கொடுக்கிறார்கள், நில உரிமைக்கு இதனால் பங்கம் இல்லை என்று சட்டத்திலேயே உறுதி சொல்லி. நல்ல யோசனை, ஆனால் நிலச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் நிறையப் பேருக்கு அட்டை கிடைக்கவில்லை. நமக்கு வேண்டியது அந்த யோசனை, அந்தக் கையெழுத்து நிபந்தனை இல்லாமல். பயிர் விதைப்புப் பதிவேட்டில் ‘சாகுபடி செய்பவர்’ என்று தனியாக ஒரு இடம் வைத்து, நிலச் சொந்தம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அந்தப் பருவத்துக்கு மட்டும் அவர் பெயரை ஏற்றி, கொள்முதலும் காப்பீடும் இழப்பீடும் அந்தப் பெயருக்கே போகும்படி மாநில அரசு செய்யலாம். டெல்லிக்குப் போக வேண்டாம். நிலப் பதிவேடு மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.

இப்போது கார்ப்பரேட் கை என்ற பயம். 2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்டுடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது, ஆறு மாநிலங்களில் 100 கிராமங்களில் முன்னோட்டம். அப்புறம் அமேசான், சிஸ்கோ, ஜியோ, ஐடிசி, பதஞ்சலி, நிஞ்சாகார்ட் என்று வரிசையாக. விவசாயிகளிடம் கேட்காமல், தரவுப் பாதுகாப்புச் சட்டமே இல்லாதபோது எதற்கு இந்த அவசரம் என்று 50க்கும் மேற்பட்ட அமைப்புகள் அரசுக்குக் கடிதம் எழுதின. டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த வருடம் அது. அரசு சொல்லும் பதில், தரவு மாநிலங்களிடமே இருக்கும், விவசாயி சம்மதித்தால்தான் யாருக்கும் போகும் என்பது.

அந்தச் சம்மதம் என்ற வார்த்தையைத்தான் நான் நம்பத் தயங்குகிறேன். முகாமில் என்ன நடக்கிறது? பெரியவர் ஒருவர் மகன் நம்பருக்கு வந்த ஓடிபியைத் தொலைபேசியில் கேட்டுச் சொல்கிறார், கணினியில் இருக்கும் பையன் டிக் போடுகிறான், மின் கையொப்பம் ஆகிவிடுகிறது. எதற்குச் சம்மதித்தோம் என்று அந்தப் பெரியவருக்கும் தெரியாது, அந்தப் பையனுக்கும் தெரியாது. முடியாது என்று சொன்னால் தவணை நின்றுவிடும் என்ற நிலையில் வாங்குவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அந்தச் சட்டத்தின் 7வது பிரிவில், மானியம், சலுகை, சான்றிதழ் கொடுக்க அரசு தன்னிடம் உள்ள தரவைப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை என்று இருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தில் விவரத்தை மறுக்க வழி செய்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், நம் விவரம் அவர்களிடம் போவதற்குத் தடை இல்லை, யாருக்கு இழப்பீடு போனது என்று நாம் பட்டியல் கேட்டால் மறுக்கலாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, தரவு போனால்தான் என்ன, என் 2 மாவில் என்ன ரகசியம் இருக்கிறது என்று உங்கள் அப்பா கேட்கலாம். தனியாக எடுத்தால் ஒன்றும் இல்லை. ஆனால் மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது, குறுவை எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது, எந்த வட்டாரத்தில் அறுவடை எந்த வாரம் வரும், யாருக்கு எவ்வளவு கடன் நிலுவை என்று நாலும் ஒருவர் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தால், நெல்லுக்கு என்ன விலை சொல்லலாம் என்று அவர் உங்களுக்கு முன்னால் முடிவு செய்துவிடுவார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பின நெல்லை வாசலிலேயே வியாபாரி என்ன விலைக்குக் கேட்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். நமக்கு வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரிந்ததால் சொல்லும் விலை அது. அந்தத் தெரிதல் ஒரு மாவட்டம் முழுக்க, ஒரு கம்பெனியிடம் இருந்தால் எப்படி என்பதுதான் என் கவலை.

இரண்டாவது கேள்வியும் இங்கேதான் வருகிறது. இலவச ஆலோசனைச் செயலி. அமெரிக்காவில் கூகுளில் வேலை பார்த்தவர்கள் 2006ல் வானிலையை வைத்துக் காப்பீடு விற்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள், பிறகு கிளைமேட் கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றினார்கள். 2013ல் அதை மான்சான்டோ சுமார் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2018ல் மான்சான்டோவையே பேயர் சுமார் 6,300 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, வயலைப் பார்த்து என்ன நடு, எவ்வளவு போடு என்று சொல்லும் மென்பொருளும், விதையும், பூச்சிமருந்தும் ஒரே வீட்டில். நம் ஊரில் இது புதுசு இல்லை, குருத்துப்பூச்சி என்று இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனால் கடைக்காரர் மூன்று டப்பா எடுத்து வைக்கிறார், அவரே வைத்தியர், அவரே வியாபாரி. ஆனால் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பார், தப்பானால் போய்ச் சண்டை போடலாம். செயலியிடம் அதுவும் முடியாது.

நமக்கு வேறு வழி இல்லாமல் போகவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922லிருந்து இருக்கிறது. ஏடிடி 36, ஏடிடி 43, ஏடிடி 45 என்று குறுவைக்கு நாம் போட்ட ரகங்கள் அங்கிருந்து வந்தவை, அரசுப் பணத்தில், யாருக்கும் உரிமைத்தொகை கட்டாமல், அறுவடையில் எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். 2018ல் மாநில அரசின் உழவன் செயலியும் வந்தது. குறைகள் உண்டு, ஆனால் அதற்கு மருந்து விற்க வேண்டிய தேவை இல்லை. அந்தச் செயலியையும் வட்டார அலுவலகத்தில் காலியாக இருக்கும் உதவி அலுவலர் இடங்களையும் சரிசெய்யாமல் தனியாரோடு ஒப்பந்தம் போடுவது, இருக்கிற வாய்க்காலைத் தூர்வாராமல் போர்வெல் போடச் சொல்வது மாதிரி.

சட்டத்தில் ஒரு வரி இருந்தால் எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2019 ஏப்ரலில் பெப்சிகோ, தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டார்கள் என்று குஜராத்தில் நாலு விவசாயிகள் மேல், ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு என்று 39வது பிரிவில் எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விவசாயிகளும் அமைப்புகளும் நின்றார்கள், அடுத்த மாதமே கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றது. நம் வயல் தரவுக்கு அப்படி ஒரு வரி இன்னும் இல்லை. அது வரும்வரை உங்கள் குழு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எடுக்கிற விவரம் எது, யாருக்குக் கொடுப்பார்கள், வங்கிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போகுமா, குழு விலகினால் அழிப்பார்களா, கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டால் என்ன ஆகும். எழுதித் தர மாட்டோம் என்றால் சேராதீர்கள். குழுவில் நூறு பேர் பெயர் இருக்கிறது, நீங்கள் ஒருவர் கொடுக்கும் சம்மதம் நூறு பேர் தலையில் விழும்.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2010ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது ஊரில் யாரைக் கேட்டார்கள்? தெரியவந்த பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் உயிர் விட்டதும் அந்தப் பிரச்சார நாட்களில்தான். 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2023ல் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறியது, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் எடுத்தார்கள். நிலத்துக்கு அடியில் இருப்பதற்காக அவ்வளவு விழிப்பாக இருந்த நாம், நிலத்துக்கு மேல் யார் நிற்கிறார் என்ற கணக்குக்கும் அதே அளவு விழிப்பாக இருக்கலாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் உடனே செய்ய வேண்டியது. முகாமுக்கு நீங்கள் கூடப் போங்கள், எண் வாங்குவது இலவசம், பொது சேவை மையத்தில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பதிவானதை அச்செடுத்து எந்தெந்த சர்வே எண் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், பட்டா கூட்டாகவோ தாத்தா பெயரிலேயோ இருந்தால் அதை முதலில் மாற்றக் கொடுங்கள். 9 மாவுக்கு, கோயிலுக்குக் கட்டின குத்தகை ரசீதுகள் எத்தனை வருடத்துக்குக் கிடைக்குமோ அத்தனையும் எடுத்து நகல் போட்டு வையுங்கள். 1969ஆம் வருடச் சட்டத்தின் கீழ் குத்தகைப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள், இல்லை என்றால் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் சாகுபடிச் சான்று அப்பா பெயரில் எழுதி வாங்கிவிட்டுத்தான் காப்பீட்டுக்குப் போக வேண்டும், கடைசித் தேதி வரை காத்திருந்தால் எங்கள் ஊரில் நடந்த மாதிரி பட்டாதாரர் பெயரில் பதிந்துவிடுவார்கள். அடுத்த கிராம சபையில், பயிர்ப் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் பெயர் ஏற வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர ஊரில் நாலு குத்தகைதாரர்களைப் பேசி வையுங்கள், தீர்மானத்தின் வாசகம் வேண்டுமானால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.